கல் படும் இடத்தில் கவசம்

புதிய காரின் மேலிருக்கும் பெயின்ட்டின் மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். மைக்ரான் கணக்கில் சொன்னால் 100 முதல் 140 வரை. தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், இரண்டு முடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கனம். பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய வண்டியின் பளபளப்பும், அதன் தகடு துருப்பிடிக்காமல் இருப்பதும் இந்த மெல்லிய தோலை நம்பித்தான் இருக்கின்றன.

வண்டியை டெலிவரி எடுக்கப் போகும்போது "பிபிஎஃப் போட்டுடலாமா சார்?" என்று ஷோரூமில் கேட்பது இதனால்தான். பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம் என்பதன் சுருக்கம் அது. பெயின்ட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும், நிறமே தெரியாத பிளாஸ்டிக் படலம். பம்பருக்கு மட்டும், பானட் பாதி, முன்பக்கம் முழுதும், வண்டி முழுதும் என்று நாலைந்து பேக்கேஜ் சொல்வார்கள். விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். பலரும் கையிருப்பைப் பார்த்து ஒரு பேக்கேஜைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் வண்டியை எது, எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில் தாக்கப்போகிறது? இதற்கு விடை தெரிந்தால், எங்கே படலம் வேண்டும், எங்கே வேண்டாம் என்பது தானாகவே தெளிவாகும்.

நான்கு அடுக்குகள்

தொழிற்சாலையில் வெறும் தகடாக இருக்கும் கார் உடலை முதலில் ஃபாஸ்பேட் கரைசலில் கழுவுகிறார்கள். பிறகு பெயின்ட் நிறைந்த பெரிய தொட்டிக்குள் முழுதாக முக்கி மின்சாரம் செலுத்துகிறார்கள். மின்புலம் இழுக்க, பெயின்ட் துகள்கள் தகட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய்ப் படிகின்றன. ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவர் என்ற வேதியியலாளரின் முயற்சியில் உருவாகி 1960-களில் பரவிய முறை இது. சுமார் 20 மைக்ரான் தடிமனுள்ள இந்த அடுக்குதான் துருவுக்கு எதிரான அடித்தளம். அதன்மேல் 30, 40 மைக்ரானுக்கு பிரைமர். அதற்கும் மேல் 15 முதல் 20 மைக்ரானுக்கு நிறம். கடைசியாக 35 முதல் 50 மைக்ரான் தடிமனில் கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு. நாம் காணும் பளபளப்பு இந்தக் கடைசி அடுக்கிலிருந்து வருகிறது. வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்கள் கலந்திருப்பதும் இதில்தான்.

தகட்டின் மேல் படியும் முதல் அடுக்கை ஏறக்குறைய 170 டிகிரி செல்சியஸிலும், கிளியர் கோட்டை ஏறக்குறைய 140 டிகிரியிலும் சூளையில் சுடுகிறார்கள். வண்டி வெறும் தகடாக இருக்கும்போது மட்டுமே இது முடியும். வயர்களும் சீட்டும் பிளாஸ்டிக்கும் பொருத்திய பிறகு அந்தச் சூட்டை வண்டி தாங்காது. ஆகவே அடிபட்ட வண்டிக்கு ஒர்க்‌ஷாப்பில் அடிக்கும் பெயின்ட் வேறு வேதியியலைச் சேர்ந்தது. 60 டிகிரி அளவிலான வெப்பத்தில் காயும்படி தயாரிக்கப்பட்டது. நல்ல பெயின்ட்டர் நிறத்தை அச்சாகப் பொருத்திவிடுவார். தொட்டியில் முக்கிச் சூளையில் சுட்ட அந்த முதல் தோலை அவராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பழைய கார் வாங்குபவர்கள் தடிமன் அளக்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு "ஒரிஜினல் பெயின்ட்டா?" என்று தடவிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

ஒரு கிராம் கல்லின் கணக்கு

சாலையில் சிதறிக் கிடக்கும் ஜல்லித் துணுக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 9 மில்லிமீட்டர் விட்டமுள்ள கருங்கல் துண்டு ஏறக்குறைய 1 கிராம் எடை இருக்கும். முன்னால் போகும் லாரியின் டயர் அதைக் கிளப்பிவிடுகிறது. கல் காற்றில் எழும்பி ஏறக்குறைய நின்ற நிலையில் இருக்கும்போது 100 கி.மீ. வேகத்தில் நம் கார் போய் அதில் மோதுகிறது. கல் நம்மீது பாய்ந்ததாகத் தோன்றினாலும், இந்த மோதலின் ஆற்றலில் பெரும்பகுதி நம் காரின் வேகத்திலிருந்து வந்ததுதான்.

100 கி.மீ. என்பது நொடிக்கு 27.8 மீட்டர். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும். ஒரு கிராம் கல்லுக்கு அது 0.39 ஜூல். அதே கல்லை 39 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பதின்மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, பெயின்ட்டின் மேல் போட்டதற்குச் சமம். காற்றின் தடையை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. 50 கி.மீ. வேகத்தில் சென்றால் ஆற்றல் பாதியாகாது, நாலில் ஒரு பங்காகக் குறையும். எதிரே 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியோடு சேர்ந்து அதே வேகத்தில் ஒரு கல்லும் வந்து, நாமும் 80-ல் போனால், இரண்டு வேகமும் கூடி 160 கி.மீ. ஆகிறது. அப்போது ஆற்றல் ஏறக்குறைய 1 ஜூல். நடுவில் மீடியன் இல்லாத இருவழிச் சாலைகளில் பானட் சீக்கிரமே பொத்தலாவதற்கு இந்த வர்க்கக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்த ஆற்றல் முழுவதும் கல்லின் ஒரு கூர்முனை தொடும் சிறு புள்ளியில் இறங்குகிறது. கிளியர் கோட் கெட்டியானது, அதிகம் வளையாது. நொடியின் மிகச் சிறு பகுதியில் இவ்வளவு அழுத்தம் வந்தால் அது விரிந்து கொடுப்பதற்குள் உடைந்துவிடுகிறது. விரிசல் அடுக்குகள் சந்திக்கும் இடத்தில் பக்கவாட்டில் ஓட, ஒரு சில்லு பெயர்ந்து விழுகிறது. பெயர்ந்த இடம் இரும்புத் தகடு வரை போயிருந்தால் ஈரமும் உப்பும் வேலையைத் தொடங்கிவிடும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று உப்புக் காற்று வீசும் இடங்களில் வண்டி வைத்திருப்பவர்கள் இதை அதிகம் கவனிக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் துத்தநாகம் தன்னை முதலில் அரிக்கக் கொடுத்து இரும்பைக் கொஞ்ச காலம் காக்கும். அலுமினியப் பானட்டில் செந்துரு வராது. பிளாஸ்டிக் பம்பரில் துரு என்ற பேச்சே இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் பொத்தல் மட்டும் பொதுவாகத் தெரியும்.

கோணம் சொல்லும் வரைபடம்

எந்தப் பகுதிக்குப் படலம் வேண்டும் என்பதை முடிவுசெய்ய மிகவும் உதவுவது கோணம்தான். கல் ஒரு பரப்பில் நேருக்கு நேர் மோதுவதும் சரிந்து உரசிப் போவதும் ஒன்றல்ல. பரப்புக்குச் செங்குத்தாக இறங்கும் வேகம்தான் பெயின்ட்டை உடைக்கிறது. அந்த வேகத்துக்குரிய ஆற்றல், கல் வரும் திசைக்கும் பரப்புக்கும் இடையிலுள்ள கோணத்தின் சைன் மதிப்பின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும்.

இதை வண்டியின் மேல் வைத்துப் பார்ப்போம். பம்பர் நேராக நிற்கிறது, அதாவது 90 டிகிரி. ஆற்றல் முழுதும் இறங்குகிறது. முன்கண்ணாடியும் அதன் இருபுறத் தூண்களும் 30 டிகிரி சாய்ந்திருந்தால் நாலில் ஒரு பங்கு இறங்கும். பானட்டின் தட்டையான நடுப்பகுதி 10 டிகிரி சாய்வு என்றால் வெறும் 3 சதவீதம். கூரை ஏறக்குறைய கிடைமட்டம், அங்கே கல் வழுக்கிக்கொண்டு போய்விடும். சாய்வு குறையக் குறைய அடியின் வலிமை மட்டுமா குறைகிறது? எதிரிலிருந்து பார்க்கும்போது தெரியும் பரப்பும் சுருங்குவதால் மோதும் கற்களின் எண்ணிக்கையும் குறைகிறது.

லாரியிலிருந்து மேலிருந்து கொட்டும் கல்லும், சாலையில் துள்ளி எழும் கல்லும் வேறு கோணங்களில் வரும் என்பதால் இந்தக் கணக்கை அப்படியே எல்லாவற்றுக்கும் பொருத்த முடியாது. ஆனாலும் நெடுஞ்சாலையில் ஓடிப் பழசான எந்தக் காரையும் போய்ப் பாருங்கள். பம்பர், பானட்டின் முன் விளிம்பு, சைடு மிரரின் முன்முகம், ஹெட்லைட், கண்ணாடித் தூண்கள், கூரை தொடங்கும் விளிம்பு ஆகிய இடங்களில்தான் புள்ளிகள் குவிந்திருக்கும். நம் ஊரில் இப்போது அதிகம் ஓடும் எஸ்யுவி வண்டிகளில் பானட்டின் மூக்கு உயர்ந்து ஒரு சுவர்போல் நிற்கிறது. தாழ்வான செடான் காரில் பம்பர் வாங்கும் அடியில் ஒரு பகுதியை எஸ்யுவியில் பானட்டின் மூக்கு வாங்கிக்கொள்ளும்.

இன்னொரு தாக்குதல் நம் வண்டியின் சக்கரத்திலிருந்தே வருகிறது. முன் டயர் கிளப்பும் கல், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பிலும் பின் சக்கரத்துக்கு முன்னாலுள்ள வளைவிலும் போய் அடிக்கிறது. பின்பக்கம் அகன்ற உடலமைப்புள்ள வண்டிகளில் இது இன்னும் அதிகம். போர்ஷே நிறுவனம் தன் 911 காரின் பின் சக்கர வளைவுக்கு முன்னால் நிறமற்ற பாதுகாப்புப் படலத்தைத் தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்புவது இதற்காகத்தான். படலத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

படலத்துக்குள் என்ன இருக்கிறது

இந்தப் படலத்தின் மூலப்பொருள் பாலியூரித்தேன். ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பாயர் என்ற வேதியியலாளர் 1937-ல் கண்டறிந்த பிளாஸ்டிக் குடும்பம் அது. மெத்தையின் நுரையும் செருப்பின் அடிப்பாகமும் அந்தக் குடும்பத்தின் உறுப்பினர்கள். 1960-களில் வியட்நாம் போரின்போது மணலும் தூசும் அமெரிக்க ஹெலிகாப்டர் இறக்கைகளின் முன்விளிம்பைத் தேய்த்தன. அதைத் தடுக்க 3எம் நிறுவனத்தின் பாலியூரித்தேன் படலத்தை ஒட்டினார்கள். அங்கிருந்து அது பந்தயக் கார்களுக்கு வந்து, பிறகு சாலைக் கார்களுக்கும் வந்தது. அதற்கு முன் அமெரிக்காவில் காரின் மூக்குக்குக் கறுப்பு வினைல் துணியில் உறை தைத்து மாட்டும் பழக்கம் இருந்தது. உறைக்குள் புகுந்த மண் பெயின்ட்டைத் தேய்த்தது, ஈரமும் தங்கியது. முழுதாக ஒட்டிக்கொள்ளும் படலத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இன்று நல்ல படலம் என்பது டிபியு எனப்படும் வெப்பத்தில் இளகும் பாலியூரித்தேனால் ஆனது. மொத்தத் தடிமன் 150 முதல் 200 மைக்ரான், அதாவது காரின் பெயின்ட்டைவிட அதிகம். அடியில் பசை, நடுவில் டிபியு, மேலே மெல்லிய மேற்பூச்சு. டிபியு மூலக்கூறுச் சங்கிலியில் இரண்டு வகைத் துண்டுகள் மாறி மாறி வருகின்றன. மென்மையான நீண்ட துண்டுகள் சுருண்டு கிடந்து, இழுத்தால் நீள்கின்றன. கடினமான குறுந்துண்டுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொண்டு முடிச்சுகள்போல் நிற்கின்றன. கல் மோதும்போது மென்மையான பகுதி விரிந்து அடியைப் பெரிய பரப்புக்கும், சற்றே நீண்ட நேரத்துக்கும் பரப்புகிறது. சங்கிலிகள் ஒன்றோடொன்று உரசி ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக்கிவிடுகின்றன. முடிச்சுகள் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு இழுத்து வருகின்றன. பெயின்ட்டுக்குப் போய்ச் சேரும் உச்ச அழுத்தம் குறைந்துவிடுவதால் அது உடைவதில்லை. வண்டித் தயாரிப்பாளர்கள் இதைச் சோதிக்க அழுத்தக் காற்றால் ஜல்லியை வீசியடிக்கும் கருவியையே வைத்திருக்கிறார்கள். எஸ்ஏஇ ஜே400 என்ற தர அளவுமுறை அதற்கு உண்டு.

கீறல் தானாக மறையும் என்று சொல்லும் விளம்பரத்தின் அடிப்படையும் இதுதான். மேற்பூச்சில் துணி உரசி விழும் கீறல், சங்கிலிகளை ஒதுக்கித் தள்ளியிருக்கிறதே தவிர அறுத்துவிடவில்லை. சூடு பட்டால் சங்கிலிகளின் அசைவு கூடி அவை பழைய சுருள் நிலைக்குத் திரும்ப, கீறல் நிரவுகிறது. நம் ஊர் வெயிலே அதற்குப் போதும். ஆனால் சாவியால் ஆழமாகக் கிழித்தால் சங்கிலி அறுந்துவிடும். அது சேராது. கதவுத் தகட்டின் தடிமன் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். 0.2 மில்லிமீட்டர் மென்படலம் அந்தத் தகடு நெளிவதைத் தடுக்க முடியாது. பைக்கின் ஹேண்டில்பார் இடித்தால் பெயின்ட் தப்பலாம், நெளிவு அப்படியே இருக்கும்.

ஆரம்பகாலப் படலங்கள் மஞ்சளாகிப் போனதற்கும் வேதியியல்தான் காரணம். பாலியூரித்தேன் தயாரிக்கச் சேர்க்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளின் அரோமேட்டிக் வகையில் பென்சீன் வளையங்கள் உண்டு. புற ஊதாக் கதிர் பட்டால் அவை ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சள் நிறச் சேர்மங்களாக மாறும். பென்சீன் வளையமில்லாத அலிஃபாட்டிக் வகைக்கு மாறிய பிறகு இந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி மைக்ரான் எத்தனை என்பதல்ல, படலம் அலிஃபாட்டிக் டிபியுவா என்பதே. டிபிஎச் என்ற பெயரில் மலிவாக விற்பவை பெரும்பாலும் பிவிசி சார்ந்தவை. பிவிசியை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் பொருள் வெயிலில் மெல்ல வெளியேற, படலம் விறைத்து மஞ்சளாகும். சாம்பிள் துண்டு ஒன்றைக் கேட்டு இழுத்துப் பாருங்கள். டிபியு பழைய நீளத்துக்குத் திரும்பிவரும். பிவிசி நீண்டபடியே நின்றுவிடும்.

கல் அல்லாத எதிரிகள்

கல்லுக்கு ஒரு வரைபடம் இருப்பதுபோல் மற்ற எதிரிகளுக்கும் தனித்தனி வரைபடம் உண்டு. பறவை எச்சம் மேலிருந்து விழுகிறது. பானட், கூரை, டிக்கி மூடி என்று கல் அதிகம் தீண்டாத கிடைமட்டப் பரப்புகள்தான் அதன் இலக்கு. கரும்நிற வண்டி உச்சிவெயிலில் நின்றால் மேற்பரப்பு 70 டிகிரியை எட்டக்கூடும். அந்தச் சூட்டில் கிளியர் கோட் சற்றே இளகியிருக்கும்போது எச்சம் காய்ந்து சுருங்கி அதை இழுக்கிறது, அமிலமும் நொதிகளும் அரிக்கின்றன. வேப்பமரத்தடியோ புளியமரத்தடியோதான் உங்கள் பார்க்கிங் என்றால் இது அன்றாடப் பிரச்சினை. போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வட்டங்களாகப் படிந்து நாளடைவில் அரிக்கத் தொடங்கும்.

மூன்றாவது வரைபடம் மனிதக் கையுடையது. கதவின் கைப்பிடிக்குப் பின்னாலுள்ள குழியில் நகமும் மோதிரமும் கீறுகின்றன. கதவைத் திறக்கும்போது அதன் ஓரம் சுவரில் இடிக்கிறது. டிக்கியில் அரிசி மூட்டையும் சூட்கேஸும் ஏற்றும்போது பம்பரின் மேல்விளிம்பு தேய்கிறது. இவை எல்லாமே உள்ளங்கை அளவு இடங்கள். சிறு துண்டுப் படலம் போதும், செலவும் மிகக் குறைவு. பேக்கேஜ் பட்டியலில் இவற்றைப் பெரும்பாலும் பெரிதாகக் காட்டமாட்டார்கள். பயனோடு ஒப்பிட்டால் இதைவிட மலிவான பாதுகாப்பு வேறில்லை.

புது வண்டிக்குப் பூஜை போடும்போது வைக்கும் சந்தனத்தையும் குங்குமத்தையும் மஞ்சளையும் இங்கே நினைவில் வைப்பது நல்லது. காய்ந்ததும் வெறும் துணியால் துடைத்தால் அந்தத் துகள்களே கீறும். டிபியு மஞ்சள் கறையைப் பிடித்துக்கொள்ளக்கூடும். மஞ்சளின் நிறமியான குர்குமின் சூரிய ஒளியில் சிதைவதால் கறை நாளடைவில் வெளுக்கும். ஆனாலும் அன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவதே எளிது.

யாருக்கு எவ்வளவு

இந்த மூன்று வரைபடங்களையும் நம் ஓட்டத்தோடு பொருத்திப் பார்த்தால் முடிவு ஆளுக்கு ஆள் மாறும்.

கும்பகோணத்துக்குள் அலுவலகத்துக்கும் கடைக்கும் 40 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டிக்கு, 100 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டியின் கல்லடியில் ஆறில் ஒரு பங்கு ஆற்றல்தான். அந்த வண்டிக்கு முன்பம்பரின் மூலைகள், கைப்பிடிக் குழி, கதவோரம், டிக்கி விளிம்பு போதும். குறுகிய தெருவில் இரவெல்லாம் வெளியே நிற்கும் வண்டி என்றால் பக்கவாட்டுக் கதவுகளையும் சேர்க்கலாம்.

வாரந்தோறும் சென்னைக்கும் மதுரைக்கும், சேலத்துக்கும் கோவைக்கும் போய்வரும் வண்டிக்கு முன்பக்கம் முழுதும் வேண்டும். பம்பர், பானட், ஃபெண்டர், ஹெட்லைட், சைடு மிரர் ஆகியவற்றோடு கண்ணாடித் தூண்களையும் கூரையின் முன்விளிம்பையும் கேட்டுச் சேர்க்க வேண்டும். கதவின் கீழ்விளிம்பும் பின் சக்கரத்தின் முன்பகுதியும் அடுத்த இடம். கல்குவாரி, எம்-சாண்ட் லாரிகள் ஓடும் பாதையில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் முதலிலேயே போட்டுவிடலாம். ஹெட்லைட்டை மறக்கக் கூடாது. அது பாலிகார்பனேட், புற ஊதாக் கதிரில் மங்கி மஞ்சளாகும். எல்இடி விளக்கு முழுத் தொகுப்பாகவே மாற்ற வேண்டியிருக்கும்போது அதன் விலை ஒரு பகுதிப் படலத்தைவிடப் பல மடங்கு.

பானட்டைப் பாதி போடுவதா முழுதாகவா என்பது பலரைக் குழப்பும் இடம். கணக்குப்படி முன்விளிம்பிலிருந்து 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை போட்டாலே பெரும்பகுதிக் கல்லடி தடுக்கப்படும். ஆனால் படலம் முடியும் கோட்டில் அழுக்கு சேரும். வருடங்கள் போனால் மூடிய இடமும் மூடாத இடமும் வெயிலுக்கு வெவ்வேறு விதமாக மூப்படையும். நம் ஊரில் அதிகம் விற்கும் வெள்ளை வண்டியில் அழுக்குக் கோடு பளிச்சென்று தெரியும். தொழிலுக்கு ஓடும் வண்டிக்குப் பாதி போதும். கோடு கண்ணை உறுத்தும் என்றால் பானட் முழுதும் போடுவதே சரி.

வண்டி முழுதும் படலம் யாருக்குத் தேவை? திறந்தவெளியில், மரத்தடியில் நிற்கும் கரும்நிற வண்டிகளுக்கும், மேட் பெயின்ட் உள்ள வண்டிகளுக்கும் பொருத்தம். கறுப்பு வண்டியில் கழுவும்போது விழும் நுண்கீறல்கள் ஒளியைச் சிதறடித்து வெயிலில் சுழல் சுழலாகத் தெரியும். மேட் பெயின்ட்டைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது, பாலிஷ் போட்டால் அந்த இடம் பளபளத்துத் தனியே தெரியும். அதற்கென்றே மேட் படலமும் கிடைக்கிறது. மூடிய கார் ஷெட்டில் நிற்கும் வெள்ளை வண்டியின் கூரைக்கும் டிக்கிக்கும் செலவு செய்வதில் பயன் மிகக் குறைவு.

செராமிக் கோட்டிங் இதற்கு மாற்றாகுமா என்ற கேள்வியும் ஷோரூமில் வரும். ஆகாது. செராமிக் என்பது சிலிக்கா சார்ந்த, சில மைக்ரானுக்கு மேல் போகாத பூச்சு. தண்ணீர் நிற்காமல் ஓடவும், அழுக்கு சுலபமாகப் போகவும் அது நன்றாக உதவும். கல்லை அது தடுக்காது. 9எச் கடினம் என்று சொல்வது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல். வைரத்தைப் பத்தாக வைக்கும் மோஸ் அளவுகோலோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டெஃப்லான் கோட்டிங் என்று சிலர் விற்பதையும் சமையல் தவாவின் பூச்சோடு சேர்த்து நினைக்க வேண்டாம். டெஃப்லான் உருகவே 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் கார் பெயின்ட் கருகிவிடும்.

ஒட்டும் கையின் நேர்த்தி

எவ்வளவு நல்ல படலமும் ஒட்டும் கை சரியில்லை என்றால் வீண். தூசில்லாத அறையில், களிக்கட்டியால் பெயின்ட்டைத் தேய்த்து ஒட்டிய துகள்களை எடுத்த பிறகு, சோப்புத் தண்ணீர் தெளித்துப் படலத்தை மிதக்கவிட்டு நகர்த்திப் பொருத்துகிறார்கள். பிறகு ரப்பர் பட்டையால் தண்ணீரைத் தள்ளி வெளியேற்றுகிறார்கள். வளைவில் அளவுக்கு மீறி இழுத்து ஒட்டினால், பழைய நீளத்துக்குத் திரும்பும் டிபியுவின் அதே குணம் சில நாளில் ஓரத்தைக் கிளப்பிவிடும். உங்கள் மாடலுக்கான வடிவத்தைக் கணினி மூலம் முன்பே வெட்டிக்கொண்டு வருகிறார்களா, வண்டியின் மேலேயே பிளேடு வைத்து வெட்டுகிறார்களா என்று கேளுங்கள். கை சற்று அழுந்தினால் பிளேடு பெயின்ட்டைத் தாண்டித் தகடு வரை போகும். படலம் ஒட்டிய இடத்திலிருந்தே துரு தொடங்குவதைவிட வேதனை வேறில்லை. ஓரம் உள்ளே மடித்து ஒட்டப்படுகிறதா, பார்க்கிங் சென்சாரைச் சுற்றி வெட்டி விடுகிறார்களா, பம்பருக்குப் பின்னால் ரேடார் இருந்தால் வண்டியின் கையேடு என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலைப் பெயின்ட் சூளையில் முழுதாக இறுகியே வருவதால் புது வண்டிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. முதல் நெடும்பயணத்துக்கு முன்னால் போட்டுவிடுவதே நல்லது. மறுபெயின்ட் அடித்த பகுதிக்குச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னாளில் படலத்தை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரக்கூடும். ஒட்டிய பின் ஒரு வாரம் கழுவாமல் இருந்தால் பசை நன்றாகப் பிடிக்கும்.

படலம் தன்னைத் தேயக் கொடுத்துப் பெயின்ட்டைக் காக்கும் பொருள். நல்ல டிபியுவுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு வரை உத்தரவாதம் தருகிறார்கள். கிழிந்த பகுதியை மட்டும் உரித்து மாற்றிக்கொள்ளலாம் என்பதால், இன்று முன்பக்கம் மட்டும் போட்டுவிட்டுத் தேவையைப் பார்த்து அடுத்த வருடம் கதவுகளைச் சேர்ப்பதிலும் தவறில்லை. ஆகவே கடைக்குப் போகும்போது பேக்கேஜின் பெயரைக் கேட்காதீர்கள். உங்கள் சாலையையும் வேகத்தையும் நிறுத்துமிடத்தையும் வைத்து வேண்டிய பகுதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். படலத்தின் பெயர், அது டிபியுதானா என்பது, எந்தெந்தப் பகுதி, ஓரம் எப்படி முடியும் என எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரிக்குப் பின்னால் நன்றாக இடைவெளி விட்டு ஓட்டுங்கள். கிளம்பிய கல் தரையில் விழுந்து அடங்க அது நேரம் கொடுக்கும். எந்தக் கடையிலும் விற்காத இந்தப் பாதுகாப்பு, இந்தப் படலம் ஒட்டாத முன்கண்ணாடியையும் உள்ளே இருப்பவர்களையும் சேர்த்தே காக்கும்.